பொருள்: அவாஸ்குலர் நெக்ரோசிஸ் – ‘அழுகல்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

இரத்தம் கிடைக்காமல் எலும்பு செத்துப்போகும் நோயான அவாஸ்குலர் நெக்ரோசிஸுக்குத் தமிழ்ப் பெயராக வந்த ‘முதுமை இடுப்பெலும்பு அழுகல்’ என்ற பரிந்துரையில் மூன்று சொல்லுமே எனக்கு ஒப்பவில்லை.

அழுகல் என்றால் சீழும் நாற்றமும்தான் நினைவுக்கு வரும். இந்நோயில் கிருமிக்கு வேலையே இல்லை. இரத்தம் போய்ச் சேராமல் எலும்பணுக்கள் சாகின்றன. சாவதும் இடுப்பெலும்பு அல்ல, அதன் கிண்ணத்தில் பொருந்தியிருக்கும் தொடையெலும்பின் தலை.

முதுமையும் பெயரில் வரக் கூடாது. ஸ்டீராய்டாலும் மிதமிஞ்சிய குடியாலும் முப்பது, நாற்பது வயதிலேயே இது வருகிறது. மூப்பு செய்வது களம் அமைத்துக் கொடுப்பது. வயதாக ஆக மஜ்ஜையில் கொழுப்பு கூடும், நாளங்கள் குறுகும், எலும்பணுக்கள் குறைந்து அவை இருந்த நுண்குழிகள் காலியாகும். எலும்பும் மெலிந்திருப்பதால் இடறி விழுந்தாலே தொடையெலும்பின் கழுத்து முறியும். தலைக்குப் போகும் இரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. முறிவில் அவையும் அறுந்தால் தலை பட்டினிதான்.

‘என்பிறப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். என்பு + இறப்பு, புணர்ச்சி சரியே. ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ‘என் பிறப்பு’! ‘எலும்புச் சாவு’ துல்லியம்தான். எழுபது வயதுக்காரர் கையில் கொடுக்கும் சீட்டில் ‘சாவு’ என்றெழுத எனக்கு மனம் வரவில்லை.

‘எலும்பு பட்டுப்போதல்’ என்றால் என்ன? நீரேறாத மரம் பட்டுப்போகிறது. பட்ட பின்னும் கொஞ்ச காலம் நின்றுகொண்டுதான் இருக்கும். இந்த எலும்பும் அப்படித்தான். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால் பிடிபடும். செத்த பகுதியை உடல் அரித்தெடுத்துப் புதுப்பிக்க முனையும்போதுதான் அது வலுவிழந்து, குருத்தெலும்புக்கு அடியில் விரிசல் விட்டு அமுங்குகிறது. சொல்லும் வளைந்து கொடுக்கிறது: பட்ட பகுதி, படாத பகுதி, பட்டுவரும் நிலை. பாடநூலுக்கு ‘குருதியறு’ என்ற அடையை முன்னால் சேர்க்கலாம். ‘குருதியற்ற’ வேண்டாம், பிறவியிலேயே இரத்தமில்லாத எலும்பு போல ஒலிக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. ‘பட்ட எலும்பு’ என்றால் ‘அடிபட்ட எலும்பு’ என்று படித்துவிடுவார்கள். விழுந்து முறிந்தவரின் அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும். அங்கே ‘பட்டுப்போன’ என்று முழுசாக எழுதுவது தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.