ஒரே டெக்ஸ்சரை 16 நிறங்களில் ஸ்கிரிப்ட் வழியே எடுக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மைன்கிராஃப்டுக்கு ஒரு விளக்கு பிளாக் செய்கிறேன். அதன் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) 16×16 பிக்சல் பிஎன்ஜி. விளையாட்டில் உள்ள 16 சாயங்களுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். கையால் வரையலாம்தான், ஆனால் வடிவத்தில் ஒரு பிக்சலை மாற்றினாலும் பதினாறையும் திருத்த வேண்டுமே!

பைத்தானில் பில்லோ என்ற பட நூலகம் கொண்டு எச்எஸ்விக்கு (நிறச்சாயல், செறிவு, வெளிச்சம் எனப் பிரிக்கும் முறை) மாற்றி, ஹியூவை, அதாவது நிறச்சாயலை மட்டும் திருப்பிப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் சரி. மஞ்சள் கண்ணைக் கூசுகிறது, நீலம் இருண்டுபோகிறது. வெள்ளை, சாம்பல், கருப்பு வரவே இல்லை. ஹியூவைத் திருப்பி அவற்றை எடுக்க முடியாதே. விளக்கின் இரும்புச் சட்டத்தில் லேசாக நீலம் கலந்திருப்பதால் அதுவும் சேர்ந்து நிறம் மாறுகிறது.

விளையாட்டே பிளாக்குக்கு நிறம் ஏற்றும் டின்ட் இன்டெக்ஸ் வசதி எனக்கு ஒத்துவராது. அது நிறத்தைப் பெருக்குவதோடு சரி, விளக்கின் கண்ணாடியில் இருக்கும் வெள்ளை மினுக்கம் போய்விடும்.

இப்போது யோசிப்பது: கண்ணாடிப் பகுதி மட்டும் மாறும்படி மாஸ்க் போட்டு, படத்தைச் சாம்பலாக்கி, ஒவ்வொரு சாம்பல் அளவுக்கும் பேலட்டிலிருந்து (நிறப் பட்டியல்) ஒரு நிறம் கொடுப்பது. சாயத்தின் ஒரே ஹெக்ஸ் மதிப்பிலிருந்து (நிறத்தின் எண் குறியீடு) நிழல் முதல் மினுக்கம் வரை ஐந்து படிகளைத் தானாக உருவாக்க என்ன வழி? கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஒட்டி நிறங்களை அளக்கும் ஓகேலேப் முறையைப் பயன்படுத்தியவர்கள் யாராவது உண்டா? இவ்வளவு சின்னப் படத்தில் வித்தியாசம் தெரியுமா? மாதிரி நிரல் இருந்தால் பகிருங்கள்.