சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ்: பாதி உருண்டை கரைகிறது, மீதி உள்ளே பச்சை மாவு. உதவி தேவை

ஜார்ஜியா_அடுப்படி (கேள்வி)

அமெரிக்கத் தென்மாநில முறை சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸில் (கோழிச்சாறில் மாவு உருண்டை போட்டு வேக வைக்கிற பண்டம்) உருண்டை சரியா வரமாட்டேங்குது. பாதி சாறில் கரைஞ்சு கூழாகுது. மீதி வெளியே ரப்பர் மாதிரி, வெட்டிப் பார்த்தா நடுவில் பச்சை மாவு.

அளவு: ஆல் பர்பஸ் மாவு 2 கப், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், பால் முக்கால் கப். கையில் மாவு தொட்டு 5 நிமிஷம் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, எலுமிச்சை அளவு உருட்டுறேன். தளதளன்னு கொதிக்கிற சாறில் போட்டு, திறந்த பாத்திரத்தில் கிளறிக்கிட்டே 10 நிமிஷம். சாறு ஒன்றரை லிட்டர், எலும்பில்லாத நெஞ்சுக்கறி 700 கிராம். கறியும் வறண்டு போகுது, சாறும் தண்ணியா இருக்கு.

மாவுக்கை

அளவை விடக் கைவேலையில்தான் சிக்கல். இந்தப் பெயரில் ரெண்டு வேறு பண்டம் இருக்கு. ஒண்ணு ஸ்பூனில் எடுத்துப் போடுறது: பேக்கிங் பவுடர் சேர்ந்த, அமெரிக்க பிஸ்கட் மாவு (நம்ம மொறுமொறு பிஸ்கட் இல்லை, மெத்துன்னு உப்பின ரொட்டி மாதிரி), மூடிக்குள்ள ஆவியில் உப்பி வேகணும். இன்னொண்ணு தேய்த்து நறுக்கிப் போடுற தட்டை வகை. அது நூடுல்ஸ் மாதிரி, பிசையணும், ஊறணும், கொதியில் வேகணும். நீங்க முதல் வகை மாவைக் கரைச்சு, ரெண்டாவது வகை மாதிரி கையாளுறீங்க.

பிசைந்ததால் குளூட்டன் (கோதுமை மாவில் இருக்கிற புரதம்) இறுகி ரப்பர் ஆச்சு. அரை மணி நேரம் வெச்சதில் பேக்கிங் பவுடரின் முதல் சுற்று வாயு வீணாப் போச்சு. அதனால் உப்பாம நடுவில் கெட்டியா நின்னுது. மூடி இல்லாததால் மேல்பாதிக்கு ஆவியே இல்லை. வெளிப்பக்கம் இறுகுறதுக்குள்ள பெருங்கொதியும் கரண்டியும் சேர்ந்து மாவை உதிர்த்துடுச்சு.

இப்படிச் செய்யுங்க. மாவு 2 கப் (250 கிராம்), பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன். சில்லுனு இருக்கிற வெண்ணெய் 4 டேபிள்ஸ்பூனை (57 கிராம்) துண்டாக்கி, புட்டு மாவு பதத்துக்கு விரல்நுனியால் உதிர்த்துக்கங்க. பால் முக்கால் கப் ஊற்றி, முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று. உலர்ந்த மாவு கண்ணில் படலேன்னா நிறுத்திடுங்க; கட்டிகட்டியா, ஒட்டுறாப்ல இருக்கிறதுதான் சரியான பதம். சாறு தயாரான பிறகுதான் பாலையே ஊற்றணும்.

ஸ்பூனைச் சூடான சாறில் முக்கி எடுத்தா மாவு ஒட்டாம நழுவும். சின்ன எலுமிச்சை அளவுக்கு மேல வேண்டாம், வெந்ததும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அகலமான பாத்திரத்தில் இடைவெளி விட்டு ஒரே அடுக்காப் போடுங்க. ஓரத்தில் மட்டும் குமிழ் வர்ற அளவு தீ. இறுக்கமா மூடி 15 நிமிஷம். நடுவில் திறக்கக் கூடாது, கிளறவே கூடாது. ஒண்ணை எடுத்துப் பிளந்து பாருங்க: உள்ளே ரொட்டி மாதிரி இருந்தா வெந்தாச்சு, பசையா மின்னினா இன்னும் 3 நிமிஷம் மூடுங்க. சமையல் தெர்மாமீட்டர் இருந்தா நடுவில் 93 டிகிரி செல்சியஸ் காட்டணும்.

மின்சாரச் சுருள் அடுப்புன்னா, தீயைக் குறைத்தாலும் சூடு உடனே இறங்காது. மாவு போடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே குறைச்சிடுங்க.

பானைமூடி

மாவு விஷயம் சொல்லியாச்சு, சாறுக்கு வர்றேன். நெஞ்சுக்கறியை இவ்வளவு நேரம் கொதிக்கவிட்டா வறளத்தான் செய்யும். எலும்பும் தோலும் உள்ள தொடைக்கறி ஒன்றேகால் கிலோ வாங்குங்க. தோல் பக்கம் கீழே இருக்க வெச்சு, கனத்த பாத்திரத்தில் பொன்னிறமாகிற வரை விடுங்க. கறியை எடுத்துட்டு, இறங்கின கொழுப்பில் 3 டேபிள்ஸ்பூன் மட்டும் நிறுத்தி, வெங்காயம் 1, கேரட் 2, செலரி 2 தண்டு வதக்குங்க. அதில் மாவு கால் கப் தூவி, பச்சை வாசனை போகக் கிளறி, ஒன்றரை லிட்டர் சாறைக் கொஞ்சம் கொஞ்சமா ஊற்றினா கட்டி விழாது. தைம் ரெண்டு கொத்து, கறியைத் திரும்பப் போட்டு மெல்லிய கொதியில் 40 நிமிஷம். கறியை எடுத்து எலும்பு நீக்கிப் பிய்ச்சு வெச்சுக்கங்க. உப்பு பார்த்துட்டு அப்புறம்தான் டம்ப்ளிங்.

பிய்ச்ச கறியை மாவுக்கு முன்னாடி திரும்பப் போடுங்க, பின்னாடி போட்டா உருண்டை உடையும். பால் க்ரீம் வேணும்னா கால் கப், ஆனா மாவு போடுறதுக்கு முன்னாடியே. மெல்லிய கொதியில் திரியாது.

முதலிலேயே குழம்பு பதத்துக்குக் கெட்டியாக்கிடாதீங்க. மூடி வெச்ச 15 நிமிஷத்தில் அடிப்பிடிக்கும். டம்ப்ளிங்கும் சாறைக் குடிக்கும். ரசத்தை விடச் சற்று கனமா இருந்தா போதும்.

ஜார்ஜியா_அடுப்படி

நன்றி. ரெண்டு கேள்வி. இங்கே கடையில் செல்ஃப் ரைசிங் மாவுதான் முன்வரிசையில் கிடைக்குது, அதை எடுக்கலாமா? தட்டை வகைக்கும் அளவு சொல்ல முடியுமா?

மாவுக்கை

தாராளமா. அதில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே இருக்கு. ரெண்டையும் திரும்பச் சேர்த்தா கசக்கும். அமெரிக்கத் தெற்கில் பிரபலமான ஒயிட் லில்லி மாதிரி மாவுகள் மென்கோதுமையில் அரைச்சது, புரதம் குறைவு. ஸ்பூன் வகைக்கு ரொம்பப் பொருத்தம். தண்ணீரைக் குறைவாத்தான் இழுக்கும், அதனால் பாலில் ரெண்டு டேபிள்ஸ்பூன் நிறுத்தி வெச்சு, தேவைப்பட்டா ஊற்றுங்க.

தட்டைக்கட்சி

என்னைக் கேட்டா தட்டைதான் நல்ல டம்ப்ளிங், மத்ததெல்லாம் நனைஞ்ச பிஸ்கட்! சண்டை அப்புறம், அளவு இதோ. சாதா மாவு 2 கப், உப்பு முக்கால் டீஸ்பூன், வெண்ணெய் அல்லது ஷார்ட்டனிங் (வனஸ்பதி மாதிரி கெட்டிக் கொழுப்பு) 3 டேபிள்ஸ்பூன், ஆறின கோழிச்சாறு முக்கால் கப் வரை. பேக்கிங் பவுடர் வேண்டாம். ரெண்டு நிமிஷம் பிசைந்து, மூடி அரை மணி நேரம் வைங்க. இங்கே ஊறல் அவசியம், இல்லேன்னா தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ரெண்டு விரல் அகலப் பட்டையா நறுக்குங்க. ஒட்டியிருக்கிற உலர்மாவைத் தட்டாதீங்க, சாறைக் கெட்டியாக்குறது அதுதான். அதனால் இதுக்குச் சாறில் தனியா மாவு தூவ வேண்டாம். நல்லாக் கொதிக்கும்போது ஒவ்வொண்ணாப் போடுங்க. மொத்தமாக் கொட்டினா ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பாறையாகும். பிறகு தீயைக் குறைத்து, அரைமூடியில் 12 முதல் 15 நிமிஷம். கிளறுறதுக்குப் பதில் பாத்திரத்தைப் பிடிச்சு ஆட்டுங்க.

கோவைக்காரி

இடையில் ஒரு கேள்வி. இங்கே மைதாவில் வருமா? பட்டர்மில்க் கேட்கிற இடத்தில் நம்ம மோர் ஊற்றலாமா? குக்கரிலேயே முடிச்சிடலாமா?

பானைமூடி

மைதா சரிதான். ஆனா மோர் ஒத்துவராது: அவங்க பட்டர்மில்க் கெட்டியானது, நம்ம மோரில் பாதிக்கு மேல் தண்ணீர். புளிச்ச கெட்டித் தயிர் அரை கப்போட பால் கால் கப் கலந்தா அதே முக்கால் கப். பேக்கிங் பவுடரை 2 டீஸ்பூனாக் குறைச்சு, ஆப்பசோடா கால் டீஸ்பூன் சேர்த்துக்கங்க. பேக்கிங் பவுடர் பழசுன்னா அரை டீஸ்பூனைச் சுடுநீரில் போட்டுப் பாருங்க. நுரைச்சுப் பொங்கலேன்னா தூக்கிப் போடுங்க.

கறிக்கடையில் தோலோடு கேட்டு வாங்குங்க. நாட்டுக்கோழின்னா மஞ்சள் தடவித் தருவாங்க, நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, இல்லேன்னா சாறு முழுக்க மஞ்சளாகிடும்.

குக்கர் கறிக்கு மட்டும். மாவு போட்டு விசில் விட்டா, அழுத்தம் இறங்கும்போது சாறு மொத்தமும் ஒரேயடியாப் பொங்கி உருண்டையைச் சிதைச்சிடும். சாறு ரெடியானதும் வெயிட்டும் கேஸ்கெட்டும் போடாம, தட்டால் மூடி வேக வைங்க.

உயரத்தில்_அடுப்பு

டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். அங்கே இருக்கிறவங்க 15 நிமிஷத்தை 20 ஆக்கிக்கங்க, பேக்கிங் பவுடரை அரை டீஸ்பூன் குறைங்க. உருண்டையைக் கொஞ்சம் சின்னதாப் போட்டா இன்னும் நல்லது.

ஜார்ஜியா_அடுப்படி

மிஞ்சினா என்ன செய்றது? மறுநாள் சாறே இல்லாம களி மாதிரி ஆகிடுது.

மாவுக்கை

சாறைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், தடுக்க முடியாது. டம்ப்ளிங்கை ஓட்டைக்கரண்டியால் எடுத்துத் தனி டப்பாவில் வைங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போகணும். மூணு நாள் தாங்கும். சாறை முதலில் கொதிக்கவெச்சு, கெட்டியா இருந்தா வெந்நீர் ஊற்றி இளக்கி, தீயை அணைச்ச பிறகு உருண்டையைப் போட்டு 5 நிமிஷம் மூடுங்க. நாலு பேருக்கு மேல் இல்லேன்னா பாதி மாவு மட்டும் கரைச்சுக்கங்க. சாறையும் கறியையும் ஃப்ரீஸரில் வைக்கலாம், மாவை அன்னன்னைக்குக் கலக்குறதுதான் நல்லது.