மாடித் தோட்டத்துக்கு ஒரே மாதிரித் தொட்டிகள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் பெயின்ட் வாளி, குரோ பேக், பழைய குடம் என்று ஆளுக்கொரு தினுசில் முப்பது செடிகள். எல்லாம் நன்றாக வளர்ந்தும் பார்க்க ஒரே இரைச்சல். போன வாரம் படியருகே 12 அங்குல மண்தொட்டி மூன்றை வரிசையாக வைத்து, மூன்றிலும் துளசி நட்டேன். அந்த மூலை மட்டும் சட்டென்று அமைதியாகிவிட்டது. கை பட்டாலே வாசம்!

இதையே கைப்பிடிச் சுவர் நெடுகத் தொடர ஆசை. ஆனால் அங்கே மேற்கு வெயில். மண்தொட்டியின் பக்கவாட்டிலும் ஈரம் போய்விடுவதால், காலையில் ஊற்றியது மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. சித்திரை வெயிலைத் தாங்கி, ஒரே உயரத்தில் நிற்க எது சரி? குட்டை இட்லிப் பூவா, நந்தியாவட்டையா? அப்புறம், இருக்கிற வாளிகளுக்கெல்லாம் காவி நிறம் அடித்தால் வேர் சூடாகுமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.