ப்ராசஸர் சூடு 100 டிகிரியைத் தொடுகிறது, புதுசு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேட்டவர்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-10400, பெட்டியோடு வந்த அதே கூலர், 16 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. திருச்சிக்குள்ளேயே வீடு மாறினோம், அதிலிருந்துதான் இந்தத் தொல்லை. முன்பு சும்மா இருக்கும்போது 40 டிகிரி பக்கத்தில் நிற்கும், இப்போது விண்டோஸ் திறந்ததுமே 62 காட்டுகிறது. தங்கை கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் 98, 100 என்று போய் வேகம் அப்படியே படுத்துவிடுகிறது, ஃபேன் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது. வெயில் காரணமோ என்று ஏசி போட்டும் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் குறையவில்லை. கடையில் காட்டினால் ப்ராசஸர் போய்விட்டது, மதர்போர்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். அவ்வளவு பணத்துக்கு இப்போது வழியில்லை. வேறு ஏதாவது செய்து பார்க்கலாமா?

பதில் 1:
முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு பத்தியை ஒரு தடவை சொடுக்கிப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 30, 40 சதவீதம் ஓடினால் பின்னால் ஏதோ நிரல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அவசரத்துக்கு இன்னொரு வழி: பவர் ஆப்ஷனில் ப்ராசஸரின் உச்ச நிலையை 100-லிருந்து 99 ஆக்குங்கள். டர்போ, அதாவது வேலை கூடும்போது தானாக வேகத்தை ஏற்றிக்கொள்வது, நின்றுவிடும், சூடும் உடனே இறங்கும்.

பதில் 2:
99 வைப்பது இன்று இரவுக்குள் வீடியோவை முடித்தாக வேண்டும் என்றால் சரி, ஆனால் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியதை 2.9-ல் கட்டிப்போட்டுவிட்டு நோய் தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

வெயிலையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். அறை 8 டிகிரி சூடானால் ப்ராசஸரும் ஏறக்குறைய அதே 8 டிகிரிதான் கூடும், 20 டிகிரிக்கு மேல் ஏற வேறு காரணம் வேண்டும். ப்ராசஸர் போய்விட்டது என்று கடையில் சொன்னதையும் நான் நம்பமாட்டேன். 100 டிகிரி இதற்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பு, அதைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றால் அது தன்னைச் சரியாகவே காப்பாற்றிக்கொள்கிறது.

எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் மாதிரி சூட்டைக் காட்டும் நிரல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட்டை ஓடவிடுங்கள். சூடு சட்டென்று இரண்டு மூன்று நொடியில் 95-க்குத் தாவுகிறதா, இல்லை பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏறுகிறதா? அப்புறம், 98 காட்டும்போது கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, சுற்றும் ஃபேனில் விரல் படாமல், கூலரின் அலுமினிய ஓரத்தை லேசாகத் தொட்டுப் பாருங்கள். மெதுவாக ஏறினால் தூசி, காற்றோட்டம் பக்கம் பார்க்க வேண்டும். சட்டென்று தாவி, அலுமினியமும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ப்ராசஸரின் சூடு கூலருக்கே போய்ச் சேரவில்லை.

பதில் 3:
ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், டூத்பேஸ்ட் கொஞ்சம் தடவிப் பாருங்கள், என் நண்பன் செய்தான், வேலை செய்தது.

பதில் 2:
தயவுசெய்து வேண்டாம். அதில் இருக்கும் தண்ணீர் வற்றியதும் பொருக்குத்தட்டி முன்பைவிட மோசமாகும். தெர்மல் பேஸ்ட் சின்ன ட்யூப் ஒன்றும் பெரிய விலை இல்லை.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன் அண்ணா. எக்ஸ்போர்ட் தொடங்கின உடனே 97. அலுமினியம் அவ்வளவு சூடாகவே இல்லை, கையை வைத்துக்கொண்டே இருக்க முடிகிறது. டாஸ்க் மேனேஜரில் சும்மா இருக்கும்போது 3 சதவீதம்தான். இன்னொன்று, கூலரை லேசாகத் தொட்டால் ஒரு மூலை ஆடுகிற மாதிரி இருக்கிறது.

பதில் 2:
அந்த மூலைதான் விஷயம். இந்தக் கூலரை நான்கு பிளாஸ்டிக் பின்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன, வண்டியில் குலுங்கி வந்ததில் ஒன்று விட்டிருக்கும்.

ஷட்டவுன் செய்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் ஒயரையும் கழற்றுங்கள். நான்கு பின்களின் தலையையும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுத்தால் கூலர் வந்துவிடும். ப்ராசஸரை சாக்கெட்டிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள், அடியில் இருக்கும் கம்பிகள் வளைந்தால் மதர்போர்டுக்கே செலவு. பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய துணியும் வைத்து இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வையுங்கள், விரலால் பரப்ப வேண்டாம்.

மாட்டும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் பின் தலைகளை அம்புக்கு எதிர்ப்பக்கம் பழைய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். பிறகு ஒன்றை அழுத்தினால் அடுத்தது அதற்குக் குறுக்கே எதிர் மூலை, இப்படி நான்கும் டக்கென்று சத்தம் வரும்வரை. அதோடு நிற்காமல் கேபினெட்டின் மறுபக்கத் தகட்டையும் கழற்றி, போர்டின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைக் கால்கள் துளையைத் தாண்டி வந்து, நடுவே கறுப்பு ஊசி இறங்கி, இரண்டு பக்கமும் விரிந்திருக்க வேண்டும். கால் உடைந்திருந்தால் பின் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஃபேன் ஒயரைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

பதில் 4:
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது ரைசன் 5 3600, இதே பிரச்சினை. இதே மாதிரி இழுத்து எடுக்கலாமா?

பதில் 2:
நேராக இழுக்காதீர்கள். உங்கள் ரைசன் உட்கார்ந்திருக்கும் ஏஎம்4 சாக்கெட்டில் பேஸ்ட் ஒட்டிக்கொண்டால் ப்ராசஸரும் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆஃப் செய்து, சூடு ஆறுவதற்குள் நான்கு திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள்.

கேட்டவர்:
அண்ணா, சரியாகிவிட்டது! இடது மேல் மூலையில் பின் துளைக்குள்ளேயே இல்லை, பேஸ்ட்டும் அந்தப் பக்கம் பொடியாக உதிர்ந்தது. இப்போது சும்மா இருக்கும்போது 41, முழு எக்ஸ்போர்ட்டில் 73-க்கு மேல் போகவில்லை. ரொம்ப நன்றி. பெரிய கூலர் ஏதாவது வாங்கி வைக்க வேண்டுமா?

பதில் 2:
ரொம்ப சந்தோஷம் தம்பி. இப்போதைக்குத் தேவையில்லை. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ப்ராசஸரின் நீண்ட நேர மின் வரம்பு 65 வாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சில மதர்போர்டுகள் தாமாகவே அதை உயர்த்தி வைத்திருக்கும், அப்படி இருந்தால் இந்தச் சின்னக் கூலர் திணறும். கேபினெட்டை மேஜையின் அடைத்த பெட்டிக்குள் தள்ளாமல் பின்பக்கம் காற்று போக இடம் விட்டு வையுங்கள்.