பிரேக் பூஸ்டருக்கு 'மிதித்துணை'ன்னு வச்சா என்ன?

ஐயா, வணக்கம். காலால மிதிக்கற பலத்தைப் பெருக்கித் தர்ற டப்பாதானே பிரேக் பூஸ்டர், அதுக்குத் தமிழ்ல நீங்க சொன்ன 'வெற்றிட ஊக்கி' படிச்சேன். ஊக்கின்னா பிள்ளைங்களுக்கு வினையூக்கிதான் முதல்ல ஞாபகம் வரும், அது கூடப் பரவால்ல, வெற்றிடம்ங்கறதுதான் எனக்கு இடிக்குது. கடல்மட்டத்துல காத்தழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காம சும்மா ஓடும்போது, டப்பாலேர்ந்து காத்தை உறிஞ்சி அதுல ஏறக்குறைய 450லேர்ந்து 550 வரைக்கும்தான் குறைக்கும், பாக்கிக் காத்து டப்பாக்குள்ளயேதான் இருக்கு. வேலை செய்யறதும் வெளிக்காத்துதான். நடுவுல ஒரு ரப்பர் சவ்வு, ரெண்டு பக்கமும் அழுத்தம் குறைஞ்சு சமமா நிக்கும், பெடலை மிதிச்சதும் பின்பக்கம் மட்டும் வெளிக்காத்து நுழைஞ்சு சவ்வை முன்னாடி தள்ளும், அந்தத் தள்ளல் நம்ம காலோட சேர்ந்து, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளற மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும்.

கடலூர்ல இதுக்குச் சொல் ஏற்கெனவே இருக்கு. ஐப்பசி பொறந்தா 'காற்றழுத்தத் தாழ்வு'ன்னு கேட்டே வளர்ந்தவங்க நாம, 2011 டிசம்பர்ல தானே புயல் கரையேறினப்போ தாழ்வு இருக்கற பக்கம் காத்து எப்படிப் பாயும்னு பார்த்தவங்க. அதனால இந்த இடத்துல வேக்கத்துக்கு, நீங்க வெற்றிடம்னு சொன்னதுக்கு, 'தாழ்வழுத்தம்', பூஸ்டருக்கு 'மிதித்துணை'. துணைன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பூஸ்டர் செத்தாலும் பிரேக் போயிடாது, பல மடங்கு பலமா மிதிக்கணும், அவ்வளவுதான். இது தெரியாம பெடல் கல்லு மாதிரி ஆனதும் பயந்து காலை எடுத்துட்டா விபத்துதான்.

சொல் சரியா இருந்தா கோளாறு தேடறதும் சரியா நடக்கும்னு நான் உறுதியா நம்பறேன். பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் ஜீப்ல பெடல் கெட்டியானா நேரா பூஸ்டரை மாத்திடறாங்க. டீசல் இன்ஜின்ல பெட்ரோல் மாதிரி காத்தை அடைக்கற திராட்டில் கிடையாது, அதனால தாழ்வழுத்தத்துக்குத் தனி பம்ப், நிறைய வண்டிகள்ல அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர் பின்னாடியே உக்காந்திருக்கும். பம்ப் தேஞ்சிருக்கலாம், ஹோஸ் வெடிச்சிருக்கலாம், உப்புக்காத்துல இரும்புப் பைப் கிளாம்புக்கு அடியில துரு ஏறி ஓட்டை விழுந்திருக்கலாம். மாருதி ஜிப்சி மாதிரி பெட்ரோல் வண்டின்னா இன்ஜினுக்குக் காத்து போற குழாயான மேனிஃபோல்டுலேர்ந்தே தாழ்வழுத்தம் வரும், சவ்வு கிழிஞ்சா அந்த வழியா காத்து புகுந்து ஐடிலும் ஆடும், ஹோஸை நெரிச்சுப் பிடிச்சதும் ஐடில் சீரானா மிதித்துணைப் பக்கம்தான் ஒழுகுதுன்னு அர்த்தம்.

முதல்ல காசு செலவில்லாம பார்த்துடலாம். இன்ஜினை நிறுத்திட்டு பெடல் கெட்டியாகற வரைக்கும் நாலஞ்சு தடவை மிதிச்சு, காலை அழுத்தியே வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலன்னா தாழ்வழுத்தம் வந்து சேரல, இல்ல மிதித்துணையே போச்சு, ஹோஸ்ல அழுத்தம் அளக்கற கேஜ் மாட்டினா ரெண்டுல எதுன்னு தெரிஞ்சிடும். அடுத்தது, இன்ஜின் ஓடி நின்னு அஞ்சு நிமிஷம் கழிச்சு மிதிங்க, முதல் மிதியே கெட்டியா இருந்தா தாழ்வழுத்தம் எங்கயோ ஒழுகுது, காத்து திரும்பி உள்ள வராம தடுக்கற ஒருவழி வால்வை முதல்ல சந்தேகப்படுங்க. வெளியில கசிவே இல்லாம பிரேக் ஆயில் மட்டும் குறைஞ்சா, மாஸ்டர் சிலிண்டர் பின்சீல் வழியா அது மிதித்துணைக்குள்ள இறங்குதான்னு கழட்டிப் பார்த்துடணும், தள்ளிப்போடாதீங்க.

வால்வை வால்வாவே விட்டுடலாம், பட்டறைல எல்லார் வாயிலயும் இருக்கு. டயஃப்ரமுக்கு உதரவிதானம் வேண்டவே வேண்டாம், அது உடம்புக்குள்ள இருக்கறது, 'சவ்வு' போதும். புதுச்சேரி நண்பர்கள் முதலியார்பேட்டை பக்கம் பட்டறைகள்ல இதுக்கு வேற பேச்சுவழக்கு இருக்கான்னு விசாரிச்சு எழுதுங்க, இருந்தா அதையே எடுத்துக்கலாம்.