புதுப்பிப்பு: மூன்று துளி, இரண்டு துளி – ஒரு திருத்தம்

ஒரே ரேடிக்கல் (அகராதியில் எழுத்தை வகைப்படுத்தும் அடிப்படை உறுப்பு) உள்ள சீன எழுத்துகளைக் கூட்டமாகப் படிப்பது பற்றிய முந்தைய இழையில், "இடப்பக்கம் மூன்று துளி (துளி போன்ற சிறு கோடு) என்றால் நீர், இரண்டு துளி என்றால் பனிக்கட்டி" என்று எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி.

பிங் (பனிக்கட்டி), லெங் (குளிர்) இரண்டும் அதற்கு அடங்கும். ஜியென் (குறை), ஜுவே (தீர்மானி) இவற்றில் குளிருக்கு வேலையே இல்லை. மரபு வடிவில் இவற்றுக்கு மூன்று துளி. 1950களின் எழுத்துச் சீர்திருத்தத்தில் மக்கள் சீனம் இரண்டு துளி வடிவத்தை ஏற்றது; தைவானில் இன்றும் மூன்றுதான். எந்த வடிவத்தைப் படிக்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கலந்து படித்தால் துளிக் கணக்கு தவறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பொறி, ஜியு (மது). மூன்று துளி இருக்கிறதே என்று 1716இல் வந்த, ரேடிக்கல் வாரியாக அடுக்கிய சீன அகராதியான காங்சியில் 85ஆவது ரேடிக்கலான நீரின் கீழ் தேடினால் கிடைக்காது. வலப்பக்கத்து மதுச்சாடிதான் அதன் ரேடிக்கல், எண் 164.

வலப்பக்கம் பெரும்பாலும் ஒலியைத் தரும். யாங் (பெருங்கடல்) எழுத்தில் வலப்பக்கம் இருப்பது யாங் என்றே ஒலிக்கும் ஆடு. ஜியாங் (ஆறு) மட்டும் உதைக்கும். அதன் வலப்பக்கம் "கோங்". பழைய ககர ஒலி மாண்டரினில் மாறிவிட்டது, தென்சீனத்துக் கான்டனீஸில் அந்த ஆறு இன்றும் கோங்தான்.

மூன்று துளியை எழுதும்போது மேல் இரண்டு துளிகளும் வலப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும், நடுத்துளி சற்றே இடப்பக்கம் தள்ளி. மூன்றாவதைக் கீழிருந்து வலப்பக்க மேல்நோக்கிச் சுண்டுங்கள். அதையும் மேலிருந்து இறக்குவதுதான் அடிக்கடி காணும் பிழை.