தினசரி வரலாற்று வினாடி வினாவும் நம் வீடுகளும்: அனுபவப் பகிர்வு

ராமநாதபுரம் மருமகள்

காலையில் கைபேசியில் வரும் வரலாற்று வினாடி வினாவின் ஐந்து கேள்விகளைப் பற்றி இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மகன் பள்ளிச் சீருடையோடு அடுக்களை வாசலில் நின்று உரக்கப் படிப்பான். நானும் அத்தையும் கைவேலையை நிறுத்தாமலே விடை சொல்வோம். சென்ற மாதம் ஒரு நாள், 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் எது என்ற கேள்வி வந்தது. அவன் நான்கு விடைகளையும் படிப்பதற்கு முன்பே, உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு, "தனுஷ்கோடி" என்றார் அத்தை. அந்தப் புயலின்போது அவர் பாம்பனில் வளர்ந்துகொண்டிருந்த சிறுமி. "எங்க சித்தப்பா அந்த ரயில்லதான் போனாரு" என்று அவர் தொடங்கினார். "சரி அப்பத்தா, பத்து மார்க்" என்று சொல்லிவிட்டு மகன் அடுத்த கேள்வியைப் படித்தான். அது முதலாம் பானிபட் போர் நடந்த ஆண்டைக் கேட்டது. அத்தை மறுபடியும் வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட அந்தப் பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடிக்கு அருகே கடல் அடித்துச் சென்றதையும், அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் எங்கள் குடும்பத்தவர் என்பதை, திருமணமாகி இத்தனை ஆண்டுகள் கழித்து, ஒரு வினாடி வினாவின் இடைவெளியில்தான் அறிந்தேன். அந்த இரவில் அவர் எதற்காகத் தனுஷ்கோடிக்குப் போனார் என்ற கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

வேலூர் வாசகர்

ஆங்கிலேயருக்கு எதிராக இந்தியச் சிப்பாய்கள் முதன்முதலில் கிளர்ந்தெழுந்த இடம் எது என்று கேட்டிருந்தார்கள். 'வேலூர்' என்று அழுத்திய என் மகளுக்குத் தவறு என்று சிவப்பு விழுந்தது. சரியான விடை, 1857 கிளர்ச்சி தொடங்கிய மீரட்டாம். என் தந்தை வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இட்டிலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தம்ளர் நீரைத் தொட்டு மேசைமீது கோட்டையையும் அகழியையும் வரைந்தார். நெற்றிக் குறியும் தாடியும் கூடாது, தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணை. 1806 சூலை 10 விடியுமுன் எழுந்த சிப்பாய்கள். அன்றே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கிய கில்லெஸ்பி என ஒவ்வொன்றாகச் சொன்னார். நீர்க்கோடு காய்வதற்குள் மகள் கேட்டாள்: "அப்போ பரீட்சையில எதைத் தாத்தா எழுதணும்?" எந்தக் கேள்விக்கும் தயங்காத மனிதர் அன்று அவளுக்கு விடை சொல்லவில்லை. அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சிவகங்கைச் சீமை

வேலூர் நண்பருக்கு: 'முதன்முதலில்' என்று கேட்டால் மீரட்டும் தவறு, வேலூரும் தவறு. 1764இலேயே வங்காளப் படையில் கலகம் செய்த சிப்பாய்களை ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்ரோ பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். சிப்பாய்களை விட்டுவிட்டு மக்கள் கிளர்ச்சி என்று பார்த்தால், 1801 சூன் மாதம் திருச்சியிலும் திருவரங்கத்திலும் எங்கள் சீமையின் சின்ன மருது ஆங்கிலேயரை எதிர்க்க அழைத்து ஒட்டிய அறிக்கையைச் சொல்ல வேண்டும். இதை ஒருமுறை என் மைத்துனரிடம் சொன்னபோது, "ஊர்ப் பாசத்துல பேசுறீங்க மாமா" என்று பலர் முன்னிலையில் சொல்லிவிட்டார். அது இன்றும் உறுத்துகிறது. அவ்வளவுதான் என் அனுபவம்.

ராமநாதபுரத்துச் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த விடயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பையன் பள்ளிக்குப் போன பிறகு, அத்தை ஓய்வாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். ரயிலைப் பற்றி நேரடியாகக் கேட்க வேண்டாம். போட் மெயில் ரயிலில் இருந்து தொடங்குங்கள். எழும்பூரில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போன காலத்தைப் பாம்பன்காரர்கள் ஆசையோடு பேசுவார்கள். பிறகு 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிக் கேளுங்கள். புயலில் சிதைந்த அதை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாட்களில் சீர்செய்ததைப் பார்த்த நினைவு இருக்கிறதா என்று கேளுங்கள். சித்தப்பாவின் பேச்சு தானாக வரும். பையனையும் ஒரு நாள் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கைபேசியைப் பதிவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பெயர், வயது, அவர் பார்த்த வேலை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

விருதுநகர்க்காரன்

மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்ற பெயர் எந்த ஆண்டு வந்தது என்ற கேள்வியில் எங்கள் வீடு மூன்றாகப் பிரிந்தது. சட்டமன்றத் தீர்மானம் 1967 சூலை 18 என்று என் மனைவியும், நாடாளுமன்றம் ஏற்றது 1968 என்று தம்பியும், நடைமுறைக்கு வந்தது 1969 சனவரி 14 என்று நானும் வாதிட்டோம். 1969க்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. அப்போது ஊஞ்சலில் இருந்த அம்மா, "அவரை நான் பாத்துருக்கேன்டா" என்றார். அந்தப் பெயர் உள்ளிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளுக்காக 1956இல் எங்கள் ஊரில் உண்ணாவிரதம் இருந்து, அக்டோபர் 13 அன்று உயிர்நீத்த சங்கரலிங்கனாரைத்தான் சொன்னார். தேசபந்து மைதானத்தில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம்; கட்டிலில் கிடந்தவரின் கால்கள் மட்டும் தெரிந்தனவாம். எங்கள் மூவரின் தேதிகளிலும் அவர் பெயர் வரவில்லை. வினாடி வினா நடத்துபவர்களுக்கு அவரைப் பற்றியும் ஒரு கேள்வி வைக்குமாறு எழுதியிருக்கிறேன்.

வேலூர் வாசகர்

சிவகங்கை ஐயா, 1764 செய்தியை அப்பாவிடம் காட்டினேன். அது ஊதியமும் படியும் கேட்டு எழுந்த கலகம் என்றும், கோட்டையைப் பிடித்துத் திப்புவின் கொடியை ஏற்றி, அங்கே காவலில் இருந்த அவர் மகன்களை முன்னிறுத்தியது வேலூரில்தான் என்றும் உறுதியாகச் சொல்கிறார். மருது சகோதரர்களின் அறிக்கையை மட்டும் மறுக்கவில்லை. அது கேள்விக்கு வெளியே இருக்கிறதாம்.